குறி எங்கே விழும்? ஆங்கில இலக்கணம்: வாசகர் கேள்வி பதில்

இந்தப் பகுதியில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். அபாஸ்ட்ரஃபி குறி ஆங்கிலத்தில் எங்கே விழுமோ அதே இடத்தில் ' என்று காட்டியிருக்கிறோம். சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்', ஆங்கில எழுத்தான எஸ் என்று கொள்ளுங்கள்.

கேள்வி: 'மாணவனின் பை', 'மாணவர்களின் பைகள்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது குறி எஸ்ஸுக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். காதில் கேட்டாலும் வித்தியாசம் தெரிவதில்லை. நிச்சயமான வழி ஏதாவது உண்டா?

உண்டு. குறியைப் பற்றிய யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். பொருள் யாருடையது என்று தமிழில் கேளுங்கள். 'மாணவனுடைய' என்றால் உடைமையாளர் "ஸ்டூடன்ட்". 'மாணவர்களுடைய' என்றால் "ஸ்டூடன்ட்ஸ்". அந்தச் சொல்லை முழுதாக எழுதி முடித்த பிறகு, அதை ஒட்டிக் குறியைப் போடுங்கள். கடைசியாக ஒரே ஒரு சோதனை: எழுதிய சொல் எஸ்ஸில் முடிகிற பன்மையா? ஆம் என்றால் அத்தோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் குறிக்குப் பின் ஓர் எஸ் சேருங்கள்.

ஒருமைக்கு "ஸ்டூடன்ட்'ஸ் பேக்" என்று வரும். பன்மைக்கு "ஸ்டூடன்ட்ஸ்' பேக்ஸ்" என்று வரும்.

'பன்மை என்றால் குறி எஸ்ஸுக்குப் பின்னால்' என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. சில்ட்ரன், மென், விமன், பீப்பிள் எல்லாமே பன்மைதான், ஆனால் எஸ்ஸில் முடிவதில்லை. அதனால் "சில்ட்ரன்'ஸ் புக்ஸ்", "விமன்'ஸ் ஹாஸ்டல்", "பீப்பிள்'ஸ் ரைட்ஸ்" என்றுதான் எழுத வேண்டும். "சில்ட்ரன்ஸ்'" என்று விளம்பரப் பலகைகளில் பார்த்தால் நம்பாதீர்கள்.

எழுதிய பின் சரிபார்க்க எளிய உபாயம்: குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் விரலால் மறையுங்கள். மிஞ்சுவது நீங்கள் நினைத்த உடைமையாளரின் முழுச் சொல்லாக இருக்க வேண்டும். "சில்ட்ரன்ஸ்'" என்பதில் மிஞ்சுவது "சில்ட்ரன்ஸ்". அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. "லேடி" போன்ற ஒய்யில் முடியும் சொற்களுக்கு இந்தச் சோதனை மிகவும் உதவும். ஒரு பெண்ணுடையது என்றால் எல்-ஏ-டி-ஒய், பிறகு குறி, பிறகு எஸ். பல பெண்களுடையது என்றால் பன்மையை முதலில் எழுதுங்கள்: எல்-ஏ-டி-ஐ-இ-எஸ், பிறகு குறி. ஐ-இக்கும் எஸ்ஸுக்கும் நடுவே குறியைச் செருகினால் மிஞ்சுவது எல்-ஏ-டி-ஐ-இ. அது சொல்லே அல்ல.

பையின் எண்ணிக்கைக்கும் குறிக்கும் சம்பந்தமில்லை. ஒரு மாணவனிடம் பத்துப் புத்தகம் இருந்தாலும் "ஸ்டூடன்ட்'ஸ் புக்ஸ்"தான்.

கேள்வி: பேசும்போது "மை ஃபாதர் நேம்", "ரவி ஹவுஸ்" என்று சொல்கிறேன். எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் தவறு என்கிறார்கள். ஏன்?

தமிழில் 'அப்பா பெயர்', 'ரவி வீடு' என்று ஆறாம் வேற்றுமை உருபை விட்டுவிட்டுச் சொல்லலாம். இதைத்தான் வேற்றுமைத் தொகை என்று பள்ளியில் படித்தோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் உருபு விழுந்துவிடுகிறது. தமிழர் பேசும் ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் உடைமைப் பிழை இதுதான். எழுதும்போது குறியை எங்கே போடுவது என்ற குழப்பத்தைவிட இதை முதலில் திருத்துவது பயன் தரும் என்பது எங்கள் கருத்து.

உடைமையாளர் மனிதர் என்றால் ஆங்கிலம் உருபை விடாது. "மை ஃபாதர்'ஸ் நேம்", "ரவி'ஸ் ஹவுஸ்" என்று எஸ் காதில் கேட்க வேண்டும். இரண்டு உறவு அடுக்கி வந்தால் இரண்டு எஸ்: 'அப்பாவின் நண்பர் வீடு' என்பது "மை ஃபாதர்'ஸ் ஃப்ரெண்ட்'ஸ் ஹவுஸ்". இதில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்குகிறவர்கள் நிறைய.

உயிரில்லாத பொருள் என்றால் கதை மாறுகிறது. மேசைக் கால், கார் சாவி, அலுவலகக் கதவு போன்றவற்றுக்கு ஆங்கிலமும் தமிழைப் போலவே உருபில்லாமல் சேர்த்துவிடும்: "டேபிள் லெக்", "கார் கீ", "ஆஃபீஸ் டோர்". இங்கே "டேபிள்'ஸ் லெக்" என்று எஸ் போட்டால் செயற்கையாக ஒலிக்கும். அப்படிச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இல்லாத இடத்தில் "ஆஃப்" வரும்: "த எண்ட் ஆஃப் த ஸ்டோரி", "த காஸ் ஆஃப் த ஃபயர்".

மனிதர், விலங்கு, நாடு, நகரம், நிறுவனம், அரசு, காலம் ஆகியவை எஸ்ஸை எளிதாக ஏற்கும். மனிதர்தான் என்றாலும் அவரைக் குறிக்கும் தொடர் நீளமாகிவிட்டால் "ஆஃப்" நல்லது. 'நேற்று வந்தவரின் மகள்' என்பதற்கு "த டாட்டர் ஆஃப் த மேன் ஹூ கேம் எஸ்டர்டே" என்று எழுதுங்கள். எஸ்டர்டேயின் வாலில் எஸ் கட்டினால் படிக்கிறவர் திணறிப்போவார்.

கேள்வி: "இட்ஸ்", "இட்'ஸ்" இரண்டில் எது உடைமை? குறி என்றால் உடைமை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் குறி இல்லாததுதான் உடைமை என்பது முரணாக இல்லையா?

முரணாகத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் விதி இப்படிப் பிரிகிறது: பெயர்ச்சொல்லுக்குக் குறி உண்டு, ஆள் சுட்டும் பிரதிப்பெயர்களுக்குக் குறி கிடையாது. 'அவனுடைய' என்பதற்கு "ஹிஸ்" என்று எழுதும்போது யாரும் நடுவில் குறி போடுவதில்லை. "இட்ஸ்" அதே வரிசையைச் சேர்ந்தது. யுவர்ஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் எதற்கும் குறி இல்லை.

"இட்'ஸ்" என்பதில் உள்ள குறி உடைமையைக் காட்டவில்லை. விடுபட்ட எழுத்தைக் காட்டுகிறது. அது "இட் இஸ்" அல்லது "இட் ஹாஸ்" என்பதன் சுருக்கம். சோதிப்பது சுலபம். வாக்கியத்தில் அந்த இடத்தில் "இட் இஸ்" என்று விரித்துப் படியுங்கள். பொருந்தினால் குறி போடுங்கள். பொருந்தாமல் தமிழில் 'அதன்' என்று வந்தால் குறி வேண்டாம்.

"த கம்பெனி சேஞ்ச்ட் இட்ஸ் நேம்" என்ற வாக்கியத்தில் 'அதன் பெயரை' என்றுதான் பொருள். விரித்தால் "சேஞ்ச்ட் இட் இஸ் நேம்" என்று உடைந்துபோகும். "இட்'ஸ் ரெய்னிங்" விரித்தால் சரியாக நிற்கிறது. "இட்'ஸ் பீன் எ லாங் டே" என்பதில் "இஸ்" பொருந்தாது, "ஹாஸ்" பொருந்தும். அதனால் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

இதே சோதனை இன்னும் மூன்று ஜோடிகளுக்குச் செல்லும். "ஹூ'ஸ்" என்றால் "ஹூ இஸ்" அல்லது "ஹூ ஹாஸ்". 'யாருடைய' என்பதற்கு டபிள்யூ-எச்-ஓ-எஸ்-இ, குறி இல்லை. "யூ'ர்" என்றால் "யூ ஆர்". 'உங்களுடைய' என்பது ஒய்-ஓ-யு-ஆர். "தேர்'ஸ்" என்றால் "தேர் இஸ்". 'அவர்களுடையது' என்பது டி-எச்-இ-ஐ-ஆர்-எஸ்.

வரலாற்றைப் பார்த்தால் இந்தக் குழப்பம் புதிதல்ல என்று தெரியும். 16ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அஃறிணைக்கும் "ஹிஸ்" என்றே எழுதிவந்தார்கள். பிறகுதான் "இட்ஸ்" பிறந்தது. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு அதையே குறியோடும் எழுதினார்கள், குறியில்லாமலும் எழுதினார்கள். 1787இல் கையால் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதலாம் பிரிவு, பத்தாம் உட்பிரிவில் 'அதன்' என்ற பொருளில் குறியுள்ள "இட்'ஸ்"தான் இருக்கிறது. குறியில்லாத வடிவம் 19ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. இன்று குறியோடு எழுதினால் பிழைதான்.

ஒரு விலக்கும் உண்டு. யாரென்று குறிப்பிடாத பிரதிப்பெயர்கள் பெயர்ச்சொல்லைப் போலவே குறியை ஏற்கும்: "ஒன்'ஸ்", "சம்வன்'ஸ்", "எவ்ரிபடி'ஸ்", "ஈச் அதர்'ஸ்". 'வேறு யாருடையதோ' என்பதற்கு எஸ் கடைசிச் சொல்லில் ஏறும்: "சம்வன் எல்ஸ்'ஸ்".

கேள்வி: "மை", "மைன்" இரண்டும் என்னுடைய என்றுதானே பொருள்? எப்போது எது?

தமிழ் தெரிந்தவருக்கு இது சுலபம். 'என்', 'என்னுடைய' என்று சொல்லிவிட்டு அடுத்து ஒரு பெயரை எதிர்பார்க்கிறீர்கள். 'என்னுடையது' என்றால் வாக்கியம் அங்கேயே முடியும். "மை" முதல் வகை, "மைன்" இரண்டாம் வகை. "திஸ் இஸ் மை பென்". "திஸ் பென் இஸ் மைன்". தமிழில் 'து' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் மைன், யுவர்ஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் வரும். "ஹிஸ்" மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். கடிதம் முடிக்கும் "யுவர்ஸ் சின்சியர்லி"யும் இந்த வகைதான். அதில் குறி போட்டு அனுப்பும் விண்ணப்பங்கள் இன்னும் வருகின்றன.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. "மை"க்கு முன்னால் "எ", "த", "திஸ்" எதுவும் நிற்காது. 'என் நண்பர் ஒருவர்' என்பதை "எ மை ஃப்ரெண்ட்" என்றோ, 'என்னுடைய இந்தப் புத்தகம்' என்பதை "திஸ் மை புக்" என்றோ சொல்ல முடியாது. "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்", "திஸ் புக் ஆஃப் மைன்" என்று சுற்றிவர வேண்டும். பெயர்ச்சொல்லுக்கும் அப்படியே: "எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்'ஸ்". "ஆஃப்"பும் எஸ்ஸும் சேர்ந்து வருவது பிழை என்று சிலர் திருத்துவார்கள். அது நல்ல ஆங்கிலம்தான். சில இடங்களில் பொருளே அதை நம்பி நிற்கிறது. "எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்" என்றால் படத்தில் இருப்பவர் அப்பா. "எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்'ஸ்" என்றால் அது அப்பாவிடம் உள்ள படம். அதில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

கேள்வி: ஜேம்ஸ் என்ற பெயருக்கு எப்படிப் போடுவது? ஒரு புத்தகத்தில் "ஜேம்ஸ்'" என்றும் இன்னொன்றில் "ஜேம்ஸ்'ஸ்" என்றும் பார்த்தேன்.

இரண்டும் வழக்கில் உள்ளவை. புத்தகப் பதிப்புக்கு அதிகம் பின்பற்றப்படும் சிகாகோ மேனுவல் என்ற நடைக் கையேடு, எஸ்ஸில் முடியும் பெயருக்கும் இன்னொரு எஸ் சேர்க்கச் சொல்கிறது. அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனம் செய்தித்தாள்களுக்காக வகுத்த நடைமுறை, குறியோடு நிறுத்தச் சொல்கிறது. நீங்கள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் இன்னொரு எஸ் சேர்க்கும் முறையைப் பரிந்துரைக்கிறோம். சொல்லும்போது "ஜேம்சிஸ்" என்று ஓர் அசை கூடுதலாக ஒலிக்கிறது. எழுத்திலும் அது தெரிவது நல்லது. எதைத் தேர்ந்தாலும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

லண்டன் சுரங்க ரயிலில் ஒரு நிலையத்தின் பெயர் "செயின்ட் ஜேம்ஸ்'ஸ் பார்க்". நியூகாசில் கால்பந்து மைதானத்தின் பெயர் "செயின்ட் ஜேம்ஸ்' பார்க்". இரண்டும் அதிகாரபூர்வமான பெயர்களே.

குடும்பத்தையே குறித்தால் முதலில் பெயரைப் பன்மையாக்குங்கள். ஜோன்ஸ் குடும்பத்தார் "ஜோன்ஸஸ்". அவர்கள் வீடு "த ஜோன்ஸஸ்' ஹவுஸ்". விரல் சோதனை இதற்கும் பொருந்தும்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறோம். கப், கேட், புக், ரூஃப், மன்த் ஆகியவற்றின் கடைசி ஒலிகளில் முடியும் சொல்லுக்குப் பின் எஸ் வெறும் காற்றொலி: "கேட்'ஸ்". ஸ், ஷ், ச், ஜ் போன்ற ஒலிகளுக்குப் பின் "இஸ்" என்று ஓர் அசை கூடும்: "ஜட்ஜ்'ஸ்" என்பதை "ஜட்ஜிஸ்" என்று சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் பின் தொண்டை அதிரும் இசட் ஒலி: "டாக்'ஸ்", "ரவி'ஸ்". "ஜட்ஜ்'ஸ்", "ஜட்ஜஸ்", "ஜட்ஜஸ்'" மூன்றும் காதுக்கு ஒன்றே. அதனால்தான் காதை நம்பிக் குறி போட முடிவதில்லை.

கேள்வி: 'கால் ஒடிந்துவிட்டது' என்பதை "ஐ ப்ரோக் லெக்" என்று எழுதினேன். "மை" சேர்த்துத் திருத்திவிட்டார்கள். என் கால்தான் என்பது தெரியாதா?

தமிழில் தெரியும், அதனால் 'என்' தேவையில்லை. 'கையைக் கழுவினேன்', 'அம்மாவிடம் கேட்டேன்', 'கண்ணை மூடு' என்று உடைமையாளரைச் சொல்லாமலே பேசுகிறோம். ஆங்கிலத்தில் உடல் உறுப்பு, உடுத்திய உடை, உறவுமுறை ஆகியவற்றுக்கு யாருடையது என்று சொல்லியாக வேண்டும்: "ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்", "க்ளோஸ் யுவர் ஐஸ்", "ஷி டுக் ஆஃப் ஹெர் ஷூஸ்". அடிபட்டவர் எழுவாயாக இல்லாதபோது "த" வருவதுண்டு: "த பால் ஹிட் ஹிம் ஆன் த ஹெட்".

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் 'தன்'. 'ரவி தன் தம்பியிடம் அவன் பையைக் கொடுத்தான்' என்றால் தமிழில் பை தம்பியுடையது. 'தன் பையை' என்றால் ரவியுடையது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "ஹிஸ் பேக்" என்றுதான் வரும். ரவியுடையது என்று அழுத்திச் சொல்ல "ஹிஸ் ஓன் பேக்" என்று எழுதுங்கள். தம்பியுடையது என்றால் "த பாய்'ஸ் பேக்" என்பது போல் ஆளைத் திரும்பச் சொல்வதே பாதுகாப்பு.

மரியாதைக்கு 'அவர்' என்று சொல்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் தனி உடைமை கிடையாது. ஆண் என்றால் "ஹிஸ்", பெண் என்றால் "ஹெர்". உடையது எதுவானாலும் உடைமையாளரைத்தான் பார்க்க வேண்டும்: 'அவருடைய மனைவி' என்றால் "ஹிஸ் வைஃப்".

கேள்வி: ரவியும் கீதாவும் சேர்ந்து ஒரு வீடு வைத்திருந்தால் இரண்டு பெயருக்கும் எஸ் வேண்டுமா?

பொருள் பொதுவானது என்றால் கடைசிப் பெயருக்கு மட்டும்: "ரவி அண்ட் கீதா'ஸ் ஹவுஸ்". தனித்தனி என்றால் இரண்டுக்கும்: "ரவி'ஸ் அண்ட் கீதா'ஸ் ஃபோன்ஸ்". ஒருவர் பிரதிப்பெயரானால் இரண்டுமே உடைமை வடிவம் எடுக்க வேண்டும்: "ரவி'ஸ் அண்ட் மை ஹவுஸ்". "ரவி அண்ட் ஐ'ஸ்" என்று எழுதக்கூடாது. அதுவும் கரடுமுரடாகத் தோன்றினால் 'எங்கள் வீடு' என்று மாற்றிவிடுங்கள்.

மாமியாருடையது "மதர்-இன்-லா'ஸ்". பன்மைக்கு எஸ் முன்னால் போகும், "மதர்ஸ்-இன்-லா". உடைமை எஸ் எப்போதும் வாலில்தான்.

கேள்வி: 'இரண்டு வார நோட்டீஸ்', 'பத்து நிமிட நடை' ஆகியவற்றில் குறி எதற்கு? வாரம் எதையும் வைத்திருப்பதில்லையே.

ஆறாம் வேற்றுமை உடைமையை மட்டும் காட்டுவதில்லை, அளவையும் காட்டும். "எ டே'ஸ் லீவ்", "டூ வீக்ஸ்' நோட்டீஸ்", "டென் மினிட்ஸ்' வாக்". ஒன்றானால் எஸ்ஸுக்கு முன், பலவானால் பின். ராஜினாமாக் கடிதங்களில் அதிகம் தவறுவது இந்த இடம். இணைகோடு போட்டால் எஸ்ஸும் குறியும் இரண்டுமே போய்விடும்: "எ டென்-மினிட் வாக்". "எ டென்-மினிட்ஸ் வாக்" என்று இரண்டையும் கலக்கக்கூடாது.

கேள்வி: "மதர்'ஸ் டே" ஒருமை, "டீச்சர்ஸ்' டே" பன்மை. ஏன் இப்படி?

அந்தந்த நாளுக்குப் பெயர் வைத்தவர்களின் முடிவு அது. அமெரிக்காவில் அன்னையர் தினத்துக்காகப் பாடுபட்ட ஆனா ஜார்விஸ், ஒவ்வொருவரும் தம் தாயைக் கொண்டாடும் நாள் என்று ஒருமையை வலியுறுத்தினார். 1914இல் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் பிரகடனத்தோடு அது நிலைபெற்றது. தந்தையர் தினமும் ஒருமை. ஆசிரியர் தினம் ஆசிரியர்கள் எல்லோருக்கும் உரியது என்பதால் பன்மை. "சில்ட்ரன்'ஸ் டே", "விமன்'ஸ் டே" பற்றி மேலே பார்த்த விதியே போதும்.

ஊர்ப் பெயர்களிலும் நிறுவனப் பெயர்களிலும் விதியைத் தேடாதீர்கள். பதிவான பெயரை அப்படியே எழுதுங்கள். லண்டன் சுரங்க ரயிலில் "ஏர்ல்'ஸ் கோர்ட்" குறியோடும், அடுத்துள்ள "பேரன்ஸ் கோர்ட்" குறியில்லாமலும் இருக்கின்றன. லண்டன் காப்பீட்டுச் சந்தை "லாய்ட்'ஸ்", வங்கி "லாய்ட்ஸ்". வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012இல் தன் குறியை நீக்கிக்கொண்டது. அமெரிக்காவின் புவியியல் பெயர் வாரியம் 1890 முதலே இடப்பெயர்களில் உடைமைக் குறியைத் தவிர்த்துவருகிறது. "மார்த்தா'ஸ் வின்யார்ட்" அதற்கு அரிய விலக்கு.

கேள்வி: 1990'ஸ், டிவி'ஸ் என்று எழுதுவது சரியா?

பன்மைக்குக் குறி தேவையில்லை: 1990ஸ், டிவிஸ். கடைப் பலகைகளில் காய்கறிப் பெயர்களுக்கெல்லாம் குறி போடுவதும் இதே பிழை. தனி எழுத்தைப் பன்மையாக்கும்போது மட்டும், படிக்க வசதியாகப் போடலாம்: "டாட் யுவர் ஐ'ஸ்". குறி இல்லாவிட்டால் அது "இஸ்" என்ற சொல்லாகிவிடும்.

கேள்வி: ஃபோனில் தட்டச்சு செய்யும்போது "இட்ஸ்" தானாகவே குறியோடு மாறிவிடுகிறது. என்ன செய்வது?

தானியங்கித் திருத்தம் அடிக்கடி வரும் வடிவத்தை ஊகித்துப் போடுகிறது; அதற்கு உங்கள் பொருள் தெரியாது. மாறியதும் பின்னழிப்பு விசையை ஒரு முறை தட்டினால் பல விசைப்பலகைகளில் நீங்கள் அடித்த வடிவம் திரும்பிவிடும். முக்கியமான கடிதம் என்றால் அனுப்பும் முன் "இட்'ஸ்" என்று தேடி, கிடைக்கும் ஒவ்வொன்றையும் விரித்துப் படியுங்கள்.

குறியின் வடிவத்தையும் பாருங்கள். அபாஸ்ட்ரஃபி நேராக இருக்கலாம், அல்லது 9 என்ற எண்ணைப் போல் வளைந்திருக்கலாம். 6ஐப் போல் வளைந்திருந்தால் அது தொடக்க மேற்கோள். ஆண்டைச் சுருக்கி '90ஸ் என்று எழுதும்போது கணினி அதை மேற்கோள் என்று நினைத்து 6 வடிவத்தைப் போடும். முன்னால் ஏதாவது ஓர் எழுத்தை அடித்து, குறியைப் போட்டுவிட்டு, அந்த எழுத்தை அழித்தால் சரியான வளைவு கிடைக்கும். விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள சாய்ந்த கோடு வேறு குறி. அதை அபாஸ்ட்ரஃபிக்குப் பதிலாகப் போடாதீர்கள்.